மேட்ச் இருக்கு, திடல்தான் இல்ல

போன இதழ்ல, தோட்டம் கைமாறுனதுல திடலப் பறிகொடுத்துட்டு அலையுற ஒரு காற்பந்து க்ளப்ப பத்தி போற போக்குல நாலு வரி எழுதுனேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் வந்த கடிதம், வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாமே பந்து பந்துன்னுதான் வருது. ஜாதகப் பொருத்தம், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ். இந்தத் தடவ முழுக்க திடல் பஞ்சாயத்துதான்.

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க கோல சிலாங்கூர் மாவட்டத்துல ஒரு தோட்டத்து டீம். தாத்தா காலத்துலேர்ந்து லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசை) பின்னால, கோயிலுக்கும் பெரட்டுக் களத்துக்கும் (காலையில ஆள் கணக்கெடுக்குற எடம்) நடுவுல இருந்த திடல்லதான் ஆடிக்கிட்டு இருந்தோம். தோட்டத்த வித்து லயத்த இடிச்சு எல்லாரும் பெஸ்தாரி ஜெயா தாமான் (வீடமைப்புப் பகுதி) பக்கம் வந்துட்டோம், ஆனா ப்ராக்டிஸ், மேட்ச் எல்லாம் பழைய திடல்தான். தீபாவளி லீவு முடிஞ்சு போனா சுத்தி தகரம் அடிச்சு கேட்ட பூட்டி வச்சிருக்காங்க, ஜாகா (வாட்ச்மேன்) உள்ள விட மாட்டேங்கிறாரு. நாப்பது வருஷத்துக்கு மேல ஆடுன எடம், எங்களுக்கு உரிமை ஆயிடாதா? லீக்குக்கு ஹோம் கிரவுண்ட் எதுன்னு வேற எழுதிக் குடுக்கணும், என்ன எழுதுறது?
— க்ளப் செயலாளர், பெஸ்தாரி ஜெயா

பதில்: தம்பி, கசப்பான விஷயத்த மொதல்ல முழுங்கிடுவோம். ஆகாது. நாப்பது இல்ல, எண்பது வருஷம் ஆடியிருந்தாலும் ஆகாது. பக்கத்து வீட்டு மாமரத்துல மூணு தலைமுறையா ஊஞ்சல் கட்டி ஆடுனாலும் மரம் நம்ம பேருக்கு வராதில்ல, அந்தக் கதைதான். நம்ம மலேசியாவோட தேசிய நிலச் சட்டம் இதுல பளிச்சுன்னு இருக்கு, அரசாங்க நிலம்னா 48வது பிரிவு, தனியார் கெரான் (பட்டா) நிலம்னா 341வது பிரிவு, ரெண்டும் சொல்றது ஒண்ணுதான், எத்தன வருஷம் அனுபவிச்சாலும் அதனால மட்டும் நிலம் உங்களுது ஆயிடாது. வேற சில நாட்டுல இத்தன வருஷம் இருந்தா சொந்தம்னு சட்டம் இருக்கு, அத எங்கயோ கேட்டுட்டு காப்பிக்கடையில யாராச்சும் 'கேஸ் போடு, அள்ளிடலாம்'னு உசுப்பேத்துவாங்க, லாயருக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி நிதானிங்க. பழைய மேனேஜர் எவராச்சும் 'திடல க்ளப்பு பயன்படுத்திக்கலாம்'னு கையெழுத்து போட்டுக் குடுத்த கடிதம் இருந்தா மட்டும் அது வேற பேச்சு, அத எடுத்துக்கிட்டு லாயர்கிட்ட போங்க. பழைய செயலாளர் வீட்டு பீரோவுல, டிராபிக்குக் கீழ தேடுங்க, அங்கதான் இருக்கும்.

உரிமை இல்லேன்னா பேசவே எடம் இல்லேன்னு அர்த்தம் இல்ல. ஒங்க கடிதத்துல ஒரு விஷயம் எனக்கு உறுத்துது, ஜாகாகிட்ட பேசியிருக்கீங்க, முதலாளி யாருன்னு எங்கயும் எழுதல. தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன். நூத்துக்கு தொண்ணூறு க்ளப்பு இங்கதான் கோட்ட விடுது, திடல தேடுறாங்க, திடல் யார் பேர்ல இருக்குன்னு தேடுறதில்ல. மொத வேல, நில அலுவலகத்துல அந்த லோட்டுக்கு ஒரு சாரியான், அதாவது நிலப் பதிவுத் தேடல், போடுங்க, பெரிய காசு இல்ல. அதுல ஓனர் பேரு வந்துடும், நிலம் என்ன வகை, விவசாயமா கட்டடமா, நிபந்தனையில ரப்பர்னு போட்டிருக்கா செம்பனைன்னு போட்டிருக்கா, பேங்க்ல அடமானம் இருக்கா, யாராச்சும் கேவியட் (கைமாத்தத் தடை) போட்டிருக்காங்களா, எல்லாம் தெரியும். இன்னமும் விவசாயம்னே இருந்தா ஒங்களுக்கு நேரம் இருக்குன்னு அர்த்தம். ஏன்னா வீடு கட்டணும்னா நில வகைய மாத்தணும், அதுக்கு மாநில அரசு ஒத்துக்கணும், நிலம் மாநில அரசு அதிகாரத்துல உள்ள விஷயம், அப்புறம் நகராண்மைக் கழகத்துல திட்ட அனுமதி வாங்கணும். தோட்டம் 40 ஹெக்டர், அதாவது சுமார் 100 ஏக்கர், அதுக்கும் மேலன்னா கைமாத்துறதுக்கே தோட்ட நில வாரியத்தோட சம்மதம் வேணும், அதே சட்டத்துல 214A பிரிவு. இவ்வளவு கதவு இருக்கு, நீங்க தட்டுறது ஜாகா நிக்கிற அந்த ஒரு கேட்ட மட்டும்.

இதுல க்ளப்புக்கு ரொம்ப முக்கியமான கதவு எதுன்னா திட்ட அனுமதி. வீடமைப்பு வந்தா மொத்த நிலத்துல 10 விழுக்காடு திறந்த வெளியா விடணும்ங்கிறது நம்ம நாட்டு திட்ட வழிகாட்டி. கேக்க நல்லாதான் இருக்கு. 60 ஏக்கர்னா 6 ஏக்கர் திறந்த வெளி வருதே, ஒரு திடல் என்ன, மூணு போடலாமேன்னு தோணும். அந்த 6 ஏக்கர் எப்படி வருதுன்னு எந்தத் தாமானுக்காவது போய்ப் பாருங்க, சாக்கடை ஓரமா ஒரு நீளத் துண்டு, மூணு முனை ரோட்டுல ஒரு முக்கோணத் துண்டு, நீர்ப்பிடிப்புக் குட்டைக்குப் பக்கத்துல ஒரு துண்டு, அப்புறம் ஒரு சறுக்கு மரம், ரெண்டு ஊஞ்சல், முடிஞ்சுது. கணக்கு சரியாதான் இருக்கும், கார்னர் கிக் அடிக்கத்தான் எடம் இருக்காது. முழு அளவு திடல் 105 மீட்டர் நீளம் 68 மீட்டர் அகலம், சுத்தி மூணு மூணு மீட்டர் ஓட்டத்துக்கு விட்டா 111க்கு 74, அதுவே ரெண்டு ஏக்கர் ஆச்சு, அதுவும் ஒரே சதுரமா, ஒரே மட்டமா வேணும். அதனால நகராண்மைக் கழகத்துக்கு நீங்க போடுற மனுவுல 'விளையாட எடம் குடுங்க'ன்னு எழுதாதீங்க, அதுக்கு ஊஞ்சல்தான் கெடைக்கும். 'திறந்த வெளியில ரெண்டு ஏக்கர் ஒரே துண்டா, காற்பந்துத் திடல்னு பேர் போட்டு லேஅவுட்ல காட்டுங்க'ன்னு எழுதுங்க. அந்த மனுவ லேஅவுட், அதாவது வீடமைப்பு வரைபடம், பாஸ் ஆகறதுக்கு முன்னாடி குடுக்கணும். பாஸ் ஆனப்புறம் குடுக்குற மனு, மேட்ச் முடிஞ்சப்புறம் ரெஃப்ரிகிட்ட போயி ஆஃப்சைடுன்னு கத்துறது.

இன்னொண்ணு, நகராண்மைக் கழகம் உள்ளூர்த் திட்டம்னு ஒண்ணு தயார் பண்ணும், 1976 நகர, கிராமத் திட்டச் சட்டப்படி. எந்த நிலம் வீடு, எந்த நிலம் தொழிற்சாலை, எந்த நிலம் விளையாட்டுன்னு கலர் அடிச்சு வச்சிருப்பாங்க. அத தயார் பண்ணும்போதும் மாத்தும்போதும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும், எழுத்து மூலமா ஆட்சேபணை சொல்லலாம். நம்ம ஆளுங்க எத்தன பேரு அதுக்குப் போறோம்? கோயில் திருவிழா மீட்டிங்குக்கு நூறு பேரு, இதுக்கு ஒருத்தர் கூட இல்ல.

இந்த சீசனுக்கு ஹோம் கிரவுண்ட் கேட்டீங்க இல்ல, அடுத்த தோட்டத்து டீமோட திடல எழுதுங்க. ஆமா, அவனுங்களேதான், தீபாவளிக் கிண்ணத்துல ஒங்களோட மூக்கு ஒடச்சுக்கிட்டவனுங்க. அவங்க செயலாளர பசியாற கூட்டிட்டுப் போயி, புல்லு வெட்டுற செலவுல பாதி நாங்க போடுறோம், வெள்ளைக் கோடு நாங்க அடிக்கிறோம்னு சொல்லி ஒரு கடிதம் வாங்கிடுங்க. வீம்பு பாத்தா சீசன் போச்சு.

கேள்வி: ஒரு பந்துக்கு ஏன் சார் இவ்வளவு கலாட்டா? டவுன்ல ஃபுட்சால் செண்டர் இருக்கு, மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்து ஏர்கோன்ல ஆடிட்டுப் போக வேண்டியதுதானே.
— ஒரு வாசகர், ராவாங்

பதில்: ஃபுட்சால் கோர்ட் 40க்கு 20 மீட்டர், பக்கத்துக்கு அஞ்சு பேரு. இங்க பதினோரு பேரு, பெஞ்சுல ஏழு பேரு, அதுல ரெண்டு பேரு வெட்டுமரத்துக்கு, அதாவது ரப்பர் பால் வெட்ட, போயிட்டு வந்தவங்க. லோங் பாஸ் அடிக்கவே எடம் இல்லாம வளர்ந்த பையன் பெரிய திடல்ல எறங்குனா பத்தாவது நிமிஷமே மூச்சு வாங்குவான். மத்தபடி ஃபுட்சால் நல்ல ஆட்டம், ஆடுங்க. ஏர்கோன் உள்ள ஃபுட்சால் செண்டர் எங்க இருக்குன்னு மட்டும் எனக்கும் சொல்லுங்க.

கேள்வி: தம்பி, என் மகன் பந்து பிராக்டிஸ்னு வாரத்துல மூணு நாள் மோட்டோர எடுத்துக்கிட்டு எங்கயோ தூரம் போறான். முன்னெல்லாம் வீட்டு வாசல்லேர்ந்து கூப்புட்டா கேக்கும், இப்ப ராத்திரி பத்து மணி ஆவுது வர. ரோடு பூரா செம்பனைக் குலை லோரி. வேணாம்னு சொன்னா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறான். என்ன பண்றது?
— ஒரு அம்மா, புக்கிட் ரோத்தான்

பதில்: அக்கா, வேணாம்னு சொல்லாதீங்க. பந்துக்குப் போகாத பையன் அந்த நேரத்துக்கு எங்க போவான்னு ஒங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. ஆனா க்ளப்புக்காரங்ககிட்ட ரெண்டு விஷயம் ஒங்க வாயாலேயே கேளுங்க, அம்மா பேச்சுன்னா செயலாளர் பயப்படுவான். ஒண்ணு, பத்து பையன் பத்து மோட்டோர்ல போறதுக்கு ஒரு வேன் வச்சு பெட்ரோல் காச பங்கு போட்டா என்ன. திடல் தூரமாப் போனப்புறம் க்ளப்போட மொத செலவு ஜெர்சி இல்ல, வேன். இது நான் பல டீமுக்கு சொல்லி, ஜெர்சிதான் முக்கியம்னு என்னைய திருப்பி அனுப்புன விஷயம். ரெண்டு, இடி. ஒலகத்துலேயே இடி மின்னல் அதிகமா விழுற எடங்கள்ல நம்ம நாடும் ஒண்ணு, சாயங்காலம் நாலு அஞ்சு மணிக்குத்தான் ஆரம்பிக்கும், அதே நேரம்தான் இவனுங்க வெட்டவெளியில நிக்கிறானுங்க. சத்தம் கேட்ட ஒடனே ஆட்டத்த நிறுத்தி கட்டடத்துக்குள்ளயோ காருக்குள்ளயோ போயிடணும், மரத்தடியில ஒதுங்கக் கூடாது. தோட்டத்துத் திடல்னா பக்கத்துலேயே கோயில் மண்டபம் இருந்துச்சு, புது எடத்துல என்ன இருக்குன்னு கேளுங்க.

கேள்வி: இங்கிலாந்துல காசு கொட்டிக் கெடக்கு, அங்க சின்ன க்ளப்புக்கெல்லாம் இந்தத் திடல் பிரச்சனை இருக்காது இல்லீங்களா? நான் சனிக்கிழம ராத்திரி பிரீமியர் லீக் மட்டும்தான் பாப்பேன், அதான் கேக்குறேன்.
— தோட்டப் பள்ளி ஆசிரியர், கோல கெட்டில், கெடா

பதில்: வாத்தியாரே, நீங்க டீவியில பாக்குறது மேல் மாடி. பிரீமியர் லீக், அதுக்குக் கீழ மூணு லீக், மொத்தம் 92 க்ளப்பு, அதோட லீக்ன்னு சொல்றது முடிஞ்சுது. அஞ்சாவது படியிலேர்ந்து கீழ உள்ளதெல்லாம் அங்க நோன்-லீக்னு சொல்லுவாங்க. தச்சன், போஸ்ட்மேன், வாத்தியாருங்கன்னு பகல்ல வேல பாத்துட்டு ராத்திரி ஆடுற டீமுங்க அங்கதான் நெறைய. நம்ம தோட்டத்து டீமுக்கு சொந்தக்காரங்கன்னா அவங்கதான்.

திடல் பிரச்சனையா? மெய்ட்ஸ்டோன் யுனைட்டெட் கதைய கேளுங்க. கெண்ட் கவுண்டியில ஒரு டவுன். 1988ல சொந்தத் திடல வித்துட்டாங்க. சரி, புதுசு ஒண்ணு கட்டிக்கலாம், அது வரைக்கும் பக்கத்து ஊர் டார்ட்ஃபோர்ட் க்ளப்போட திடல்ல ஆடிக்கலாம்னு கெளம்புனாங்க, கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி. அடுத்த வருஷமே, 1989ல, நோன்-லீக் சாம்பியன் ஆகி மேல லீக்குக்கே போயிட்டாங்க. ஆனா ஊருல திடல் இல்ல. ஊர்க்காரங்க எத்தன நாளைக்குத்தான் அடுத்த ஊருக்குப் போயி கைதட்டுவாங்க, கடன் ஏறி 1992 ஆகஸ்ட்ல சீசன் ஆரம்பிக்கும்போதே லீக்க விட்டு வெளிய வந்துட்டாங்க. அதோட போகல, எடம் குடுத்த டார்ட்ஃபோர்ட் க்ளப்பும் அதே வருஷம் தன்னோட திடல எழந்து நடுத்தெருவுக்கு வந்துச்சு. ரெண்டு க்ளப்பும் கீழ் மட்டத்துலேர்ந்து, கண்டவங்க திடல்ல செவா (வாடகை) குடுத்து ஆடி ஆடி ஏறி வந்தாங்க. டார்ட்ஃபோர்ட்டுக்கு 2006ல நகர மன்றம் புதுத் திடல் கட்டிக் குடுத்துச்சு, அங்கயும் திடல் வந்தது நகர மன்றத்து வாசல் வழியாத்தான். மெய்ட்ஸ்டோனுக்கு 2012 ஆச்சு. கணக்கு பாருங்க, 24 வருஷம். ஆனா புதுசா கட்டும்போது புத்தியா செயற்கைப் புல்லு போட்டாங்க, மழை பேஞ்சாலும் தாங்கும், வாரம் பூரா ஊர்ப் புள்ளைங்க, பொண்ணுங்க டீம், பள்ளிக்கூடம்னு வாடகைக்கு விடலாம், சனிக்கிழம மட்டும் தெறக்குற திடல் இல்ல அது. அதே க்ளப்பு 2024 ஜனவரியில, ஆறாவது படியில ஆடிக்கிட்டு இருந்தப்பவே, எஃப்.ஏ. கிண்ணத்துல ரெண்டாவது படியில இருந்த இப்ஸ்விச் டவுன 2-1ல தோக்கடிச்சுது. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

இன்னொண்ணு சின்னதா. தென் லண்டன்ல டல்விச் ஹேம்லட்னு 1893லேர்ந்து இருக்குற க்ளப்பு. 2018 மார்ச்ல திடல் ஓனரோட தகராறு முத்தி வெளிய தள்ளிட்டாங்க. அது கூட பரவால்ல, க்ளப்போட பேரையே வேற கொம்பெனி டிரேட்மார்க் பதிஞ்சு வச்சிட்டு, நீங்க இந்தப் பேர பயன்படுத்தக் கூடாதுன்னு லெட்டர் விட்டாங்க. ஊரே கொதிச்சு எழுந்துச்சு, பாராளுமன்றம் வரைக்கும் பேச்சு போச்சு, பேர திருப்பிக் குடுத்தாங்க. அந்த சீசன பக்கத்து க்ளப்பு திடல்ல ஆடி முடிச்சு ப்ரொமோஷனும் வாங்கி, அந்த டிசம்பர்லேயே சொந்தத் திடலுக்கு திரும்பிட்டாங்க. மெய்ட்ஸ்டோன் 24 வருஷம், இவங்க ஒன்பது மாசம். வித்தியாசம் என்னன்னா மெய்ட்ஸ்டோன் தானா வித்துட்டு ஊர விட்டுப் போச்சு, இவங்கள தள்ளுனப்ப ஊரே கூட நின்னுச்சு.

ஒண்ணு மட்டும் அங்க உள்ளது இங்க இல்ல. அங்க விளையாட்டுத் திடல் மேல வீடு கட்டணும்னா ஸ்போர்ட் இங்கிலாந்துங்கிற அமைப்ப கண்டிப்பா கேக்கணும்னு விதி இருக்கு.

கேள்வி: எங்க தமிழ்ப்பள்ளித் திடல ஒரு க்ளப்பு கேக்குது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல பாதிப் பேரு குடுக்கலாம்ங்கிறாங்க, பாதிப் பேரு திடல் சேறாயிடும், கதவ ஒடைப்பாங்க, சிகரெட் துண்டு போடுவாங்கன்னு சொல்றாங்க. ஒங்க கருத்து?
— பெ.ஆ.ச. பொருளாளர், பேரா

பதில்: குடுங்க, ஆனா கடிதம் இல்லாம குடுக்காதீங்க. அதுக்கும் முன்னாடி பள்ளி நிலம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி நெறைய இன்னமும் தோட்ட நிர்வாகத்து நிலத்துலதான் நிக்குது, ஹெட்மாஸ்டர் சரின்னு சொன்னாலும் நிலக்காரன் வந்து நாளைக்கு யாரக் கேட்டு விட்டேன்னு கேக்கலாம், கல்வி இலாகாவுக்கும் தெரியப்படுத்தணும். கடிதத்துல என்ன இருக்கணும்னா, எந்தக் கெழம எத்தன மணிலேர்ந்து எத்தன மணி, மழை பேஞ்ச அன்னிக்கு ஆட்டம் கெடையாதுன்னு, புல்லு யார் வெட்டுறது, டாய்லெட் சாவி யார் கையில, அடிபட்டா இன்சூரன்ஸ் யாரோடது. அந்த டாய்லெட் சாவியில சண்ட வந்துதான் பாதி ஒப்பந்தம் முறியுது, சிரிக்காதீங்க. பதிலுக்கு க்ளப்புகிட்ட ஒண்ணு கேட்டு வாங்குங்க, வாரத்துல ஒரு நாள் பள்ளிப் புள்ளைங்களுக்கு அவங்க கோச் பயிற்சி குடுக்கணும். காசு வாங்குறத விட இது லாபம், பாதிப் பேரோட வாயையும் அடைச்சுடலாம்.

கேள்வி: அங்கிள், நாங்க பொண்ணுங்க டீம். திடல் போனதுலேர்ந்து வெவ்வேற எடத்துல பசங்க ஆடி முடிச்சதும் இருட்டுற நேரத்துலதான் எங்களுக்கு எடம் கெடைக்குது. கேட்டா 'அட்ஜஸ் பண்ணிக்கம்மா'ங்கிறாங்க.
— படிவம் 5 மாணவி, தெலுக் இந்தான்

பதில்: அட்ஜஸ் பண்ணிக்காத. க்ளப்பு எந்தத் திடலுக்கு மனு போட்டாலும் அதுல ஒங்க டீமுக்குன்னு கெழமையும் மணியும் தனியா எழுதச் சொல்லு, எழுதலன்னா கமிட்டி கூட்டத்துல எந்திரிச்சு நில்லு. கமிட்டிக்காரங்களுக்கு ஒரு ரகசியம் சொல்றேன், பொண்ணுங்க டீம் இருக்குன்னு மனுவுல காட்டுனா நகராண்மைக் கழகத்துல மனுவப் பாக்குற பார்வையே மாறும். மனுவுல மட்டும் காட்டிட்டு திடல்ல இருட்டுல விடுறது அயோக்கியத்தனம்.

கேள்வி: தேர்தலுக்கு முன்னாடி எங்க ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) வந்து பெரிய அட்டை செக்கெல்லாம் காட்டி 'திடல் கண்டிப்பா'ன்னு சொல்லிட்டுப் போனாரு. இப்ப அவரு ஆபீஸ்ல கேட்டா டி.ஓ.எல். வாங்கித் தர்றேன்ங்கிறாங்க. அது நல்லதுதானே?
— முன்னாள் கோல்கீப்பர், பகாவ், நெகிரி செம்பிலான்

பதில்: இல்லாததுக்கு இருக்கட்டும், ஆனா டி.ஓ.எல்.ன்னா தற்காலிக லைசென்ஸ், அரசாங்க நிலத்த கொஞ்ச நாளைக்குப் பயன்படுத்திக்கன்னு குடுக்குறது. எந்த மாசம் வாங்குனாலும் அந்த வருஷக் கடைசியோட முடிஞ்சுடும், நவம்பர்ல வாங்குனா டிசம்பர் 31ல காலி, மறுபடி புதுப்பிக்கணும். கைமாத்தவும் முடியாது. அத நம்பி வடிகால் வெட்டி, ஃபிளட்லைட் போட்டு, படிக்கட்டு கட்டிடாதீங்க, அந்தக் காசுக்கு பாதுகாப்பு இல்ல.

ஒய்.பி.கிட்ட கேக்க வேண்டியது வேற. நிலச் சட்டம் 62வது பிரிவுப்படி அந்த நிலத்த விளையாட்டுத் திடல் ரிசாப்னு, அதாவது அதுக்குன்னே ஒதுக்குன நிலம்னு, மாநில அரசு கெஜட்ல (அரசிதழ்ல) போடணும். கெஜட் ஆயிட்டா அந்த நிலத்துக்கு ஒரு அதிகாரி பொறுப்புன்னு எழுதியிருக்கும், மாநில அரசு சம்மதத்தோட அவரு 63வது பிரிவுல 21 வருஷம் வரைக்கும் லீஸுக்குக் குடுக்கலாம். க்ளப்பு கேக்க வேண்டியது அந்த லீஸ். ஒய்.பி. அடுத்த தடவ வரும்போது மாலை போடாம கெஜட் நம்பர் கேளுங்க. நம்பர் இருந்தா மாலை போடுங்க, ரெண்டா போடுங்க.

ஆனா அந்த லீஸ கேக்க க்ளப்புக்கு ஒரு ஆளா நிக்கத் தெரியணும். 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்துல பதிஞ்சிருக்கீங்களா? பதிவு இல்லாத க்ளப்பு எந்தப் பேர்ல கையெழுத்து போடும், செயலாளரோட சொந்தப் பேர்லயா? அவரு நாளைக்கு ஜோகூருக்கு வேல மாறிப் போயிட்டா திடலும் கூடப் போகுமா?

கேள்வி: கோயில் திருவிழாவுக்கு கார் நிறுத்த எடம் இல்லேன்னு நிர்வாகம் திடல்ல பாதிய கேக்குது. கோயில் முக்கியமா பந்து முக்கியமா?
— பெயர் வேண்டாம், பீடோர்

பதில்: என்னைய மாட்டி விடாதீங்க. திருவிழா மூணு நாள், பந்து வருஷம் பூரா. அந்த மூணு நாள் க்ளப்பு பசங்களே விசில் ஊதி கார் நிறுத்திக் குடுக்கட்டும், மழை பேஞ்சிருந்தா மட்டும் கார விடாதீங்க, டயர் தடம் விழுந்தா ரெண்டு மாசம் ஆட முடியாது. பாதி திடலுக்கு தாரு ஊத்தணும்னு சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க, சாமியும் ஒத்துக்காது.

கேள்வி: இந்தியர் டீம்னு ஒண்ணு சூப்பர் லீக் வரைக்கும் போச்சே, அவங்க கூடவா சொந்தத் திடல் இல்லாம ஆடுனாங்க?
— ஒரு ரசிகர், கிள்ளான்

பதில்: ஆமா. மீஃபா, அதாவது மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்து டீம், அப்புறம் பெட்டாலிங் ஜெயா சிட்டின்னு பேர் மாத்தி 2019ல சூப்பர் லீக்ல எறங்குச்சு. ஆடுனது கெலானா ஜெயாவுல மாநகராட்சி ஸ்டேடியத்துல. வெளிநாட்டு ஆட்டக்காரங்களே இல்லாம ஒரு கட்டத்துல ஆடிக் காட்டுனாங்க, பெரிய டீமுங்களுக்கே தண்ணி காட்டுனாங்க. 2022 சீசன் முடிஞ்சதும் லீக்க விட்டு விலகிட்டாங்க. அதுக்குத் திடல் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா சொந்தத் திடல்னு ஒண்ணு இருந்திருந்தா, மேல டீம் கலைஞ்சப்புறமும் கீழ பன்னெண்டு வயசுப் பையன் அதே எடத்துக்கு ப்ராக்டிஸுக்கு வந்துக்கிட்டு இருப்பான்.

கேள்வி: அண்ணே, மறுபடியும் பெஸ்தாரி ஜெயாதான். அவசரமா ஒண்ணு. பூட்டுன திடல்ல எங்க கோல்போஸ்ட் ரெண்டும் உள்ள நிக்குது. 2 இஞ்ச் இரும்புக் குழாய், நாங்களே வெல்டிங் பண்ணி, கலெக்‌ஷன் போட்டு வாங்குனது, ரசீது கூட இருக்கு. ராத்திரி போயி கழட்டிக்கிட்டு வந்துடலாமா?
— க்ளப் செயலாளர்

பதில்: ராத்திரி வேணாம், போலீஸ் ஸ்டேஷன்ல ஒங்களுக்கு சாட்சி சொல்ல என்னால வர முடியாது. ஒரு கேள்வி கேக்குறேன், நிதானமா பதில் சொல்லுங்க. போஸ்ட்ட சிமெண்ட் போட்டு நட்டீங்களா, இல்ல தரையில பதிச்ச பைப்புக்குள்ள சொருகி வச்சீங்களா? ஏன்னா நிலச் சட்டம், நிலம்னா என்னன்னு சொல்லும்போது மண்ணோட நிரந்தரமா சேத்து வச்சதையும் நிலம்னுதான் சொல்லுது. சிமெண்ட் போட்டு நட்டிருந்தா, போஸ்ட்டும் நிலத்தோட போச்சுன்னு ஓனர் தரப்புல வாதாட எடம் இருக்கு. சொருகி வச்சதுன்னா ஒங்க சாமான்னு தைரியமா கேக்கலாம். எப்படி இருந்தாலும் ரசீது காப்பிய வச்சு, சாரியான்ல கெடைச்ச ஓனர் பேருக்கு ஒரு கடிதம் போடுங்க, 'பகல்ல, ஒங்க ஆள் முன்னாலேயே வந்து எடுத்துக்கிறோம், தேதி குடுங்க'ன்னு. பெரும்பாலும் குடுத்துடுவாங்க, வீடு கட்டுறவனுக்கு கோல்போஸ்ட் எதுக்கு. அந்தக் கடிதத்துக்கு பதில் வந்தா, ஓனரோட பேச ஒரு ஆள் கெடைச்சுட்டாருன்னு அர்த்தம், ரெண்டு ஏக்கர் பேச்ச அவருகிட்டேயே ஆரம்பிங்க. வலை கெடந்து மழையில மக்குமே, அத மட்டும் ஜாகாகிட்ட நாளைக்கே கேட்டு வாங்கிடுங்க, கொக்கிதானே.